எதிர்சேவை மாலையில் நிரம்பிய 40 ஜிபி

மதுரை விளக்குத்தூண் பக்கம் உள்ள ஒரு துணிக்கடையின் கதை இது. பெயர் வேண்டாம். தலைமைக் கடை அங்கே, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் கிளைகள், கப்பலூரில் கிடங்கு. பில் போடும் சர்வர் தலைமைக் கடையின் மாடியில் இருக்கிறது. கிடங்கையும் சேர்த்துக் கிளைகள் நான்கும் விபிஎன் (இணையத்துக்குள் மறையாக்கம் செய்த தனிப் பாதை) வழியாக அந்த ஒரே சர்வரில்தான் பில் போடுகின்றன. நடுவில் காவல் நின்று விபிஎன்னையும் நடத்துவது ஒரு ஃபயர்வால் பெட்டி. அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் இருப்பது ஒத்தக்கடையில். கடையிலேயே கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ள இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான்.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள், எதிர்சேவை. மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை சாலை முழுவதும் மனிதத் தலைகள். துணிக்கடைக்காரர்களுக்கு அது நல்ல வியாபார நாள். மாலை 5.20-க்கு மேலூர்க் கிளையில் பில் நின்றது. 5.40-க்குத் திருமங்கலம். 5.55-க்கு உசிலம்பட்டி. 6.08-க்குக் கப்பலூர் கிடங்கு. தலைமைக் கடையில் மட்டும் பில் ஓடிக்கொண்டிருந்தது.

கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்ததுதான் எங்களை ஏமாற்றியது. ஃபயர்வால் கோளாறு என்றால் நான்கும் ஒன்றாக அல்லவா விழ வேண்டும்? ஆகவே இணையச் சேவைக்காரர் மேல் பழி போட்டோம். திருவிழாக் கூட்டத்தில் செல்பேசிக் கோபுரங்கள் திணறிக்கொண்டிருந்ததால் அந்தப் பழி பொருத்தமாகவும் தெரிந்தது. முக்கால் மணி நேரம் அதிலேயே போனது.

6.15-க்குத் தம்பி ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது, கொடுத்தான், மறுபடியும் கேட்டது. சரியான கடவுச்சொல்தான். அந்தத் தகவல் என் காதுக்கு வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. உள்நுழைந்தவரை நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் பெட்டி ஒரு சிறு கோப்பை எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் கடவுச்சொல் சரியாக இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைச் சொருகச் சொன்னேன். உள்ளே போனான். லாக், அதாவது பெட்டி தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவு, அதற்கான வட்டுப் பகுதி 40 ஜிபி, நிரம்பியது 100 சதவீதம்.

நான் வண்டியை எடுத்துவிட்டேன். கோரிப்பாளையம் வழி அடைப்பு. சுற்றுச்சாலையில் வைகையைக் கடந்து, விரகனூர் போய், தெப்பக்குளம் வழியாகக் காமராசர் சாலையைப் பிடிக்க வேண்டும். வழியில் நிறுத்திப் பேசினேன். டீபக் என்பது கோளாறைத் தேடுவதற்காக ஒவ்வொரு அசைவையும் எழுதவைக்கும் விரிவான லாக். "பெரிய டீபக் கோப்பு ஒன்று இருக்கும், அதை மட்டும் காலி செய், மற்ற லாக்கைத் தொடாதே" என்றேன். பாதியில் தொடர்பு அறுந்தது. அவன் காதில் விழுந்தது "லாக்", "காலி செய்" என்ற இரண்டு சொற்கள். லாக் அடைவில் இருந்த அனைத்தையும் ஒரே கட்டளையில் அழித்தான்.

அழித்த பிறகும் 100 சதவீதம். கோப்புகளின் கூட்டுத் தொகையைக் கேட்டால் பத்து ஜிபி கூட இல்லை என்கிறது. வட்டின் கொள்ளளவைக் கேட்டால் இடமே இல்லை என்கிறது. பதறிப்போய்ப் பெட்டியை நிறுத்தித் திரும்ப இயக்கினான். 7.20-க்கு நான்கு கிளைகளும் வந்துவிட்டன. நான் கடைக்குள் நுழைந்தபோது முதலாளி தம்பிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "தம்பியே முடித்துவிட்டான், நீங்கள் சாவகாசமாக வருகிறீர்கள்" என்றார்.

அந்த மாலைக்கு அது முடிவுதான்.

உள்ளே நடந்தது என்ன

அழிப்பதற்கு முன் தம்பி ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். கோப்புப் பட்டியல் தெரிந்த திரையைக் கைபேசியில் படம் எடுத்திருந்தான். கீழே நான் சொல்லும் அளவுகள் அந்தப் படத்திலிருந்து வந்தவை. நேரக் கணக்கு கிளைகளில் உள்ள சிறு ரவுட்டர்களின் லாக்கிலிருந்து வந்தது. தலைமைப் பெட்டியின் சொந்த லாக் அழிந்துவிட்டதே.

டீபக் கோப்பு ஒன்றே 29.6 ஜிபி. அதற்கு அடுத்தபடி யாரோ முந்தைய ஆண்டு எடுத்து மறந்த பாக்கெட் பிடிப்புக் கோப்புகள் (வலையில் ஓடும் தரவுத் துண்டுகளின் நகல்) 4.2 ஜிபி. நிரல் விழும்போது அதன் நினைவகத்தை அப்படியே கொட்டிவைக்கும் கோர் டம்ப் மூன்று, சேர்த்து 1.9 ஜிபி. பெட்டியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பழைய பிரதிகள் இரண்டு, 1.2 ஜிபி. உண்மையில் நமக்கு வேண்டிய அன்றாட லாக், 30 நாளுக்கு உரியது, சுருக்கப்பட்ட நிலையில் வெறும் 1.2 ஜிபி. மிச்சம் அறிக்கைகளும் தற்காலிகக் கோப்புகளும். வீட்டில் அரிசி மூட்டைக்கு இடமில்லாமல் காலி அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தது போல.

டீபக் எப்படி வந்தது? பத்தொன்பது நாள் முன்பு உசிலம்பட்டி இணைப்பு ஒரு நாளில் ஏழெட்டு முறை அறுந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பிரிவு, விபிஎன்னின் இரு முனைகளும் மறையாக்கச் சாவியைப் பேசி முடிக்கும் சாவிப் பரிமாற்றத்துக்கும் அதன் வழியே ஓடும் பாக்கெட்டுகளுக்கும் டீபக்கை உச்ச நிலையில் போடச் சொன்னது. போட்டோம். இரண்டு மணி நேரத்துக் கோப்பை அனுப்பினோம். காரணம் கிடைத்தது: உசிலம்பட்டி ரவுட்டர் பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் இணையச் சேவைக்காரரின் முகவரி மாற்றிக்குப் பின்னால் இருக்கிறது, அந்த வழியைத் திறந்து வைத்திருக்க 20 நொடிக்கு ஒருமுறை போக வேண்டிய சின்னஞ்சிறு பாக்கெட் அங்கே அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கியதும் இணைப்பு நிலைத்துவிட்டது. உதவிப் பிரிவு புகாரை முடித்தது. டீபக்கைத் தம்பி அணைத்திருப்பான் என்று நான் நினைத்தேன். போட்டவர் அண்ணன், அணைப்பவரும் அவரே என்று அவன் நினைத்தான். இதில் பெரும் பங்கு என் மேல்தான். போட்டது என் விரல்.

சராசரி நொடிக்கு 18 கேபி. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. அதுவும் சீராக ஓடவில்லை. பாக்கெட் ஓட்டத்தையும் எழுதியதால் வியாபாரம் கூடக் கூட எழுத்தும் கூடியது. சித்திரைத் திருவிழா தொடங்கியதும் வேகம் எகிறியிருக்க வேண்டும். ஆகவே திருவிழா நாள் பார்த்துப் பெட்டி கவிழ்ந்தது தலையெழுத்து அல்ல. கூட்டம்தான் அதை நிரப்பியது.

இரவில் லாக்கைச் சுழற்றும், அதாவது பழைய கோப்பை மூடிப் புதியதைத் தொடங்கி மிகப் பழையதை அழிக்கும் லாக்ரொட்டேட் நிரல் என்ன செய்தது என்று கேட்கலாம். அதன் பட்டியலில் அன்றாட லாக் இருந்தது, டீபக் கோப்பு இல்லை. இருந்திருந்தாலும் முழுக் காப்பு கிடைத்திருக்காது. "இத்தனை எம்பி தாண்டினால் சுழற்று" என்று எழுதிவைத்தால், தாண்டிய கணமே அது ஓடி வரும் என்று பலர் நம்புகிறார்கள். லாக்ரொட்டேட் தான் எழுப்பப்படும்போது மட்டுமே அளவைப் பார்க்கும். நாளுக்கு ஒருமுறை எழுப்பினால் நாளுக்கு ஒருமுறைதான் பார்க்கும்.

இன்னொரு பாதுகாப்பும் தோற்றது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கும், நெருக்கடியில் நிர்வாகி உள்ளே வருவதற்காக. இந்தப் பெட்டியில் லாக் எழுதும் நிரலே ரூட்டாகத்தான் ஓடியது. ஒதுக்கீட்டையும் அதுவே தின்றுவிட்டது.

இனி, கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்த புதிர். கப்பலூர் ரவுட்டரின் லாக்கில், 5.08-க்குத் தலைமைப் பெட்டி சாவியைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறது. மேலூர் ரவுட்டர் 5.17-இலிருந்து புதுச் சாவி கேட்டுக் கேட்டுப் பதில் இல்லாமல் 5.20-க்குக் கைவிட்டிருக்கிறது. ஆகவே பெட்டி நின்றது 5.08-க்கும் 5.17-க்கும் இடையில். இடமில்லாமல் விழுந்தது சாவிப் பரிமாற்ற நிரல் மட்டும்தான். ஏற்கெனவே பேசி முடித்த சாவிகள் இயக்க முறைமையின் மையமான கெர்னலுக்குள் இருக்கும். அந்த நிரல் இல்லாமலேயே பாக்கெட்டுகள் போய்வரும், சாவியின் ஆயுள் தீரும் வரை. எங்கள் அமைப்பில் ஆயுள் 3,600 நொடி. ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு நேரத்தில் ஆயுள் முடிந்தது. கடைசியாகப் புதுப்பித்த கப்பலூர் சரியாக ஒரு மணி நேரம் கழித்து விழுந்தது. இந்தக் கணக்கு பொருந்தியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி முதலாளிக்குப் புரியவில்லை.

இந்த நேரங்களை ஒப்பிடவே அரை நாள் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மேலூர் ரவுட்டரின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடியது. திருமங்கலம் ரவுட்டர் உலகப் பொது நேரத்தில் எழுதியது. ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டும். லாக் எழுதும் பொது முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற தர ஆவணத்தின் வடிவத்தில் இரண்டும் உண்டு. ஆனாலும் பல சாதனங்கள் பெட்டியைப் பிரிக்கும்போது பழைய வடிவத்தில்தான் வருகின்றன.

அழிப்பதும் காலி செய்வதும்

தம்பி கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பாதது ஏன் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. அழித்தால் போவது பெயர். எந்த நிரலாவது அதைத் திறந்து கையில் வைத்திருந்தால் உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். சிஸ்லாக் நிரல் அந்த 29.6 ஜிபியைப் பிடித்துக்கொண்டு, பெயரில்லாத கோப்பில் எழுத முயன்றுகொண்டே இருந்தது. காலி செய்திருந்தால், அதாவது பெயரை விட்டுவிட்டு நீளத்தைச் சுழியமாக்கியிருந்தால், அந்த நொடியே இடம் கிடைத்திருக்கும். பெட்டியை நிறுத்த வேண்டிய தேவையும் வந்திருக்காது.

இதில் வலிக்கும் பகுதி வேறு. பெயர் போன கோப்பை, அதைப் பிடித்திருக்கும் நிரலின் வழியாகவே திரும்ப நகலெடுக்க முடியும். 6.40-க்கும் 7.15-க்கும் இடையில் அன்றைய லாக் அங்கேதான் உயிரோடு இருந்தது. மறுதொடக்கம் அதையும் கொண்டுபோனது. அதற்கு முந்தைய 29 நாள் கோப்புகள் யார் கையிலும் திறந்திருக்கவில்லை. அவை அழித்த கணமே போய்விட்டன.

போனால் என்ன என்று ஒரு வாரம் இருந்தோம். பிறகு கணக்குப் பார்ப்பவர் வந்தார். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு ஓர் இரவில், பில் சர்வரில் பதினொரு பட்டுப்புடவைகளின் விலை குறைக்கப்பட்டிருந்தது. சர்வரின் பதிவில் ஓர் உள் முகவரி மட்டும் இருந்தது. அது வெளியிலிருந்து விபிஎன் மூலம் வருபவர்களுக்குக் கொடுக்கும் முகவரிகளில் ஒன்று. அன்றிரவு அதைப் பெற்றவர் யார் என்பது ஃபயர்வாலின் அன்றாட லாக்கில் ஒரே வரியாக இருந்திருக்கும். நான்கு பேருக்கு அந்த அனுமதி உண்டு. நானும் அதில் ஒருவன். முதலாளி என்னைச் சந்தேகிக்கவில்லை என்று சொன்னார். சொல்ல வேண்டியிருந்தது என்பதே எனக்குப் போதுமானதாக இல்லை.

சட்டமும் இருக்கிறது. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு இசைக்கவும் சொல்கிறது. அழியாமல் இருந்திருந்தாலும் எங்களிடம் 30 நாள்தான் இருந்திருக்கும். பெரிய நிறுவனங்களுக்குத்தான் அது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

மல்லிகையும் பத்திரமும்

திருத்தத்தைப் பற்றி முதலாளியிடம் பேசியபோது அவர் கேட்ட கேள்வி: "இரண்டும் லாக்தானே, ஒன்றை ஏன் வைக்கச் சொல்கிறீர்கள், இன்னொன்றை ஏன் அழிக்கச் சொல்கிறீர்கள்?" நல்ல கேள்வி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியற்காலை மல்லிகைக்கு இருக்கும் விலை மறுநாள் இல்லை. வாடியதை மூட்டை கட்டி வைப்பவர் கிடையாது. டீபக் அந்த மல்லிகை. கோளாறைத் தேடும் இரண்டு மணி நேரத்துக்கு அதற்கு மேல் மதிப்புள்ளது எதுவுமில்லை. அதன் பிறகு அது நாற்றம்தான். அன்றாட லாக் நிலப் பத்திரம் போன்றது. பத்து ஆண்டு யாரும் புரட்ட மாட்டார்கள். புரட்டும் நாளில் இல்லை என்றால் நிலம் போகும். சிஸ்லாக் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகச் செய்திகளைப் பிரிப்பதில் டீபக்கைக் கடைசி 7-ஆம் நிலையில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பூவையும் பத்திரத்தையும் ஒரே கூடையில் போட்டு, கூடை நாறியதும் இரண்டையும் கொட்டினோம்.

இப்போது பெட்டிக்குள் டீபக்குக்குத் தனி இடம்: 200 எம்பி வீதம் பத்துக் கோப்புகள், பதினொன்றாவது வந்தால் முதலாவது போய்விடும். எவ்வளவு எழுதினாலும் 2 ஜிபிக்கு மேல் போகாது. டீபக்கை இயக்குவதற்கு நேரடிக் கட்டளையை யாரும் கொடுப்பதில்லை. ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது இயக்கும்போதே இரண்டு மணி நேரம் கழித்து அணைக்கும் வேலையையும் அட்டவணையில் போட்டுவிடும், யார் எதற்காக இயக்கினார் என்று ஒரு வரியும் எழுதும். பெட்டி மறுதொடக்கம் ஆனால் டீபக் அணைந்த நிலையில்தான் எழும். அன்று அப்படி இல்லை. மறுநாள் காலை நான் பார்த்தபோது, சேமித்த அமைப்பில் இருந்ததால் டீபக் பழையபடி எழுதிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று தேநீர் குடித்திருந்த இரவு முழுவதும்.

அன்றாட லாக் பெட்டியை விட்டே வெளியேறியது. பழைய மேசைக் கணினி ஒன்றில் 2 டிபி வட்டுப் போட்டு லாக் சர்வர் ஆக்கினோம். கப்பலூர் கிடங்கில் வைக்கலாம், அங்கே இடம் இருக்கிறது என்றான் தம்பி. இணைப்பு அறும்போது, அறுந்த காரணத்தைச் சொல்லும் லாக் அறுந்த இணைப்பின் வழியாகவே போக வேண்டியிருக்கும் என்றேன். ஆகவே தலைமைக் கடையிலேயே வைத்து, இரவில் ஒரு நகல் மட்டும் கப்பலூருக்குப் போகிறது.

கணக்குப் போட்டபோது முதலாளிக்கு வியப்பு. நாளுக்கு 350 எம்பி என்றால் 180 நாளுக்கு 63 ஜிபி. ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் ஜிசிப் சுருக்கம் போட்டால் நாளுக்கு 28 எம்பி ஆகிறது. 180 நாளுக்கு 5 ஜிபி. பென்டிரைவின் ஒரு மூலை. இந்த 5 ஜிபி இல்லாமல்தான் பதினொரு புடவைக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

லாக்கை அனுப்பும் வழியில் ஒரு கண்ணி உண்டு. யூடிபி என்ற அனுப்பும் முறையில், 514-ஆம் போர்ட்டில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள்; நெரிசலில் சில வரிகள் காணாமல் போகும், அதுவும் நெரிசல் நேரத்து வரிகள்தான் நமக்கு வேண்டியவை. வந்து சேர்ந்ததை உறுதி கேட்கும் டிசிபி முறைக்கு மாறினால் உறுதி கூடும். ஆனால் சிஸ்கோ ஏஎஸ்ஏ போன்ற சில ஃபயர்வால்கள், டிசிபி வழியிலான லாக் சர்வர் கிடைக்கவில்லை என்றால் புதிய இணைப்புகளையே மறுத்துவிடும். பதிவில்லாமல் யாரையும் விடமாட்டேன் என்ற கொள்கை. வங்கிக்கு அது சரி. துணிக்கடைக்கு, பழைய மேசைக் கணினி ஒன்று படுத்தால் வியாபாரம் படுக்கும். மாற்றிவைக்க வழி இருக்கிறது. மாற்றாமல் விடக் கூடாது. நாங்கள் டிசிபி 6514-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு அனுப்புகிறோம், சர்வர் கிடைக்காவிட்டால் பெட்டியில் ஒரு ஜிபி வரை வரிசையில் நிற்கட்டும் என்று வைத்து.

நள்ளிரவில் அன்றைய கோப்பு சுருக்கப்பட்டு, ஆண்டு-மாதம்-தேதி பெயரிலேயே வரும்படி சேமிக்கப்படுகிறது. அதன் ஷா-256 கைரேகை (உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் ஹாஷ் எண்) வேறொரு கணினியில் எழுதப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட இடம் இருக்கிறது. உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளைக்கு ஒரு புடவை வழக்கு போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான்கு பேரில் ஒருவனாக நின்றவனுக்கு, கோப்பை யாரும் தொடவில்லை என்று காட்ட முடிவது ஆறுதல்.

கடைசியில் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதை நினைத்தால் இன்றும் முகம் சிவக்கிறது. உதவிப் பிரிவுக்கு உச்ச நிலை டீபக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினோம் அல்லவா? பல பெட்டிகளுக்குள் இருக்கும் ஸ்ட்ராங்ஸ்வான் என்ற விபிஎன் நிரலின் ஆவணமே, உச்சமான 4-ஆம் நிலையில் சாவிகள் போன்ற இரகசியங்களும் எழுதப்படும் என்று எச்சரிக்கிறது. எங்கள் கோப்பில் தேடினேன், இருந்தன. கோர் டம்ப் கோப்புகளும் அப்படித்தான். நிரலின் நினைவகத்தில் இருந்த கடவுச்சொல் அதோடு சேர்ந்து போகும். நான்கு கிளைகளின் பகிர்ந்த சாவிகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து மாற்றினோம். இப்போது ஸ்கிரிப்ட் 2-ஆம் நிலைக்கு மேல் அனுமதிக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சாவியை முதலில் மாற்றி, வேலை முடிந்து மறுபடி மாற்ற வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மேலூர் இணைப்பில் ஏதோ தடங்கல். டீபக் போட்டோம். உதவிப் பிரிவுப் பொறியாளர் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மணி நேரம் முடிந்து அது அணைந்தது. அவர் எரிச்சலோடு அழைத்தார். தம்பிதான் பேசினான். "அது தானாக அணைந்துவிடும் சார், இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு, நோட்டில் நேரத்தை எழுதி, மறுபடியும் இயக்கினான்.